பொய்கைச் செவ்வாய்

கட்டி என்ற ஒரு சொல்லைத்தான் தட்டினேன்.
தோட்டப்பாளையத்தில் அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது.
டாக்டரிடம் சொல்லவில்லை, தில்ஷாத்திடம் சொல்லவில்லை,
பக்கத்தில் குறட்டை விட்ட தணிகாசலத்திடமும் சொல்லவில்லை.
போனிடம் சொல்வதெல்லாம்
சொல்வதில் சேர்த்தியா என்ன?

விடிந்ததும்
யாரோ வீட்டுக் காதுகுத்துக்கும்
ஆம்பூர் ஷூ தள்ளுபடிக்கும் நடுவே
வரிசையாகச் சவுரிகள்.
தோள்வரை, இடுப்புவரை, சுருட்டை.
முடி உதிர்ந்தாலும் நீங்கள் அழகுதான்
என்று கீழே ஒரு வரி.

பஸ்ஸில் ஸ்கோர் பார்க்க என் போனை வாங்கியவர் கேட்டார்:
"இன்னாடி இது, சவுரி வாங்கப் போறியா?"
சத்துவாச்சாரி தாண்டி வாலாஜா வரை
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

ஊசி போட்டுப் பார்த்தார்கள்.
வெறும் கொழுப்பு, பயப்படாதம்மா என்றார்கள்.
அது மட்டும் அதற்குத் தெரியவில்லை.
இரண்டு வாரம் சவுரி காட்டிக்கொண்டே இருந்தது.
நீக்கினேன்.
உறுதியாகவா என்று கேட்டது.
அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

பொய்கைச் சந்தையில்
துண்டுக்கு அடியில் விரல் பிடித்து
மாட்டுக்கு விலை பேசுகிறவர் என் வீட்டுக்காரர்.
துண்டு ஊரை மறைக்கத்தான்,
பிடித்த கையை மறைக்க இல்லை என்பார்.
என் துண்டுக்கு அடியில்
என் விரலை எத்தனை பேர் பிடித்திருந்தார்களோ.
பொய்கை என்ற பெயரை அன்று
நடுவில் உடைத்துப் படித்தேன்.
பொய். கை.

ஒடுகத்தூர் சம்பங்கி ஒருமுறை
மடிநோய் மாட்டைத் தலையில் கட்டிவிட்டு
மூன்று செவ்வாய் சந்தைப் பக்கமே வரவில்லை.
நாலாவது செவ்வாய்
ஒரு செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டுபோய்
ஏமாந்தவர் வாசலில் கட்டினாராம்.
"எட்டு நாள் கறந்து பாரு. காசு அப்பால."
மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

எனக்கு வந்த மெயிலில்
அந்த வார்த்தை ஐந்து இடத்தில் இருந்தது.
உங்கள் நம்பிக்கையே எங்கள் மூச்சு என்றது.
முப்பத்துநான்கு பொத்தான்கள் வைத்திருக்கிறோம்,
எதை வேண்டுமானாலும் மூடிக்கொள்ளுங்கள் என்றது.
எல்லாம் திறந்தபடி இருந்தன.

பிறகு ஆவணியில் ஒரு ராத்திரி.
குடியாத்தத்தில் தில்ஷாத்துக்குப் பிரசவம்,
ரத்தம் நிற்கவில்லை.
ஓ நெகட்டிவ் கொடுக்கிறவர்கள் கூடியிருக்கும் குழு
அங்கேதான், அதற்குள்ளேதான் இருந்தது.
மறுபடி இறக்கினேன்.
தொடர்புகள் வேண்டும் என்றது. சரி.
இருப்பிடம். சரி.
மைக். சரி, சரி.
அந்த நேரத்தில் எவள் படிப்பாள்.

சேவல் படம் போட்ட யாரோ
பள்ளிகொண்டாவிலிருந்து பைக்கில் வந்தார்.
மணி இரண்டு பத்து. லுங்கி, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
கொடுத்தார், மாம்பழ ஜூஸ் குடித்தார்,
பேர் கேட்பதற்குள் போய்விட்டார்.

காலையில் தில்ஷாத் கண் திறந்தாள்.
போனும் திறந்தது:
மீண்டும் வருக, உங்களைத் தேடினோம்.
அடுத்தே குழந்தைப் பவுடர்.

எங்கோ ஒரு குளிர் அறையில்
என்னையும் ஓர் எண்ணாகக் கூட்டி
நம்பிக்கை திரும்பிவிட்டது என்று
கோடு மேலே ஏறுவதைக் காட்டியிருப்பார்கள்.
திரும்பியது நான்.
நம்பியது சேவலை.

ஆனாலும் நீக்கவில்லை.
இன்னொரு ராத்திரி
யாருக்கோ என் ரத்தம் தேவைப்படும்.

செவ்வாய்தோறும் அவர் பொய்கைக்குக் கிளம்பியதும்
முப்பத்துநான்கு பொத்தான்களையும்
மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.
போன வாரம் இரண்டு
தானாகவே திறந்திருந்தன.