மலைக்குக் கால் முளைத்தால்

பெக்டரிக்கு மேலே மூன்றாம் வளைவில்தான்
சிக்னல் நிற்கும். நாங்களும் அங்கேயே நின்றோம்,
முதுகுக்குப் பின்னால் இரண்டு சவுக்கு மரம்,
நடுவில் இழுத்துக் கட்டிய வெள்ளை பெட்ஷீட்.
"ஸ்கூல் சுவர் மாதிரி இருக்கா?" என்றான் ரூபகாந்தன்.
சுவர் காற்றில் உப்பி அவன் தலையில் தட்டியது.
கேமரா பார்க்கும் வரைக்கும் சட்டை, டை.
அதற்குக் கீழே சாரம்,
அட்டைக்குப் பயந்து சவர்க்காரம் தேய்த்த கால்.

முதலில் வியட்நாம்.
பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள் மட்டும், என்று
ஏழு நாடுகளின் பட்டியல் அனுப்பினார்கள்.
"பிறந்தப்ப அழுதேன்," என்றான் ரூபன்,
"அது எந்த பாஷைன்னு
டிக்கோயா ஆஸ்பத்திரி மிடுவைஃபைத்தான் கேக்கணும்."
அதை எழுதி அனுப்பலாம் என்றேன்.
அனுப்பவில்லை.

பிறகு மாலைதீவு.
தமிழ் டீச்சர் லீவு போட்ட அன்று
ஆறாம் வகுப்புக் கொப்பிகளில் நான் திருத்திய அதே பிழை:
மலைக்கு ஒரு கால் போட்டால் மாலை.
எட்டு மாதமாக
அந்த ஒரு காலுக்குத்தான் காத்திருந்தோம்.
ஹாட்டனில் ஹார்ட்வெயார் கடை மாடியில் அவனுடைய வகுப்பு,
பதினொரு பிள்ளைகள், நாலு பேர் காசு தருவார்கள்.
என் கொடுப்பனவு மாதம் இருபதாந் தேதியோடு சரி.
லெப்டொப் வந்த வழியில்
என் இரண்டு வளையல் போயிருந்தன.

இயர்போன் ஒன்றே ஒன்று.
வலது அவனுக்கு, இடது எனக்கு.
வயர் அளவுக்குத்தான் விலக முடிந்தது.
எதிரில் ஒரு அம்மாள், தலைக்கு மேலே சுற்றும் ஃபேன்.
நல்லாகப் படிப்பித்த ஒரு பாடத்தைச் சொல்லுங்கள் என்றார் என்னிடம்.
'யெட்' என்ற சொல்லைச் சொன்னேன்.
பஸ் இன்னும் வரவில்லை.
ரோட்டு இன்னும் போடவில்லை.
எங்கள் பிள்ளைகளுக்கு அது விளங்க
இரண்டு நிமிஷம்கூட எடுக்கவில்லை, மேடம்.
அவர் சிரித்தார். பின்னால் சுவர் அவிழ்ந்து விழுந்தது.
பச்சையாக எங்கள் மலை முழுவதும்
நேர்முகத்தேர்வுக்குள் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடிதம்.
கணவருக்கு முழுநேரம். மனைவிக்குப் பகுதிநேரம், பாதிச் சம்பளம்.
ஒரு தீவு, ஒரு அறை.
ரூபன் என்னைத் தூக்கிச் சுற்றினான்:
"ரெண்டு பேருக்கும் ஒரே எடம்டி!"
இறக்கிவிடச் சொன்னேன்.
"ரெண்டு பேருக்கு ஒன்றரைப் பேர்," என்றேன்.

கொழுந்து நிறை குறைந்த நாளில்
அம்மாவுக்குச் செக்ரோலில் விழுவது அரைப்பேர்.
வந்து யாரோடும் பேசமாட்டாள்.
கூடைக் கயிற்றை அவிழ்ப்பாள், கட்டுவாள்,
திரும்ப அவிழ்ப்பாள்.
பட்டதாரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு
கடல் தாண்டிப் போய்
அதே அரைப்பேரை வாங்கவா?

அவன் பேசவில்லை.
அவனுக்கும் ஒரு அம்மா இருந்தாள்,
அவனும் அந்தக் கயிற்றைப் பார்த்தவன்.
ராத்திரி போனை எடுத்து
அந்த வளைவு வரைக்கும் ஏறினோம். டோர்ச்சில் பாதி வெளிச்சம்.
"தயவுசெய்து" வேண்டுமா என்று சண்டை.
ஒன்று வைத்தோம். மூன்று எழுதியிருந்தான்.
இருவருக்கும் முழுப் பதவி என்றால் வருகிறோம்.
ஆங்கிலத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்.
அதில் தன்னையும் சேர்த்துக்கொள்வாரோ அந்த அம்மாள்,
அது அவர் பாடு.

அனுப்பும் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
போய்விட்டது என்றான்.
போகவில்லை என்றேன்.
மஸ்கெலியாப் பக்கமிருந்து மழை ஏறி வந்தது,
பெட்ஷீட்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து
தலைக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்கினோம்.

இன்று வெள்ளி.
ஆறு பத்துக்கு வரவேண்டிய பஸ்
யெட்.