எடைச்சீட்டு

சிகாமட் கிளினிக்கில் மிஸி சொன்னாள்:
இனிப்புநீர் பதினொன்று புள்ளி நான்கு.
நடங்க அண்ணே, எங்கேயாவது நடங்க.
எங்கேயாவது என்றால்
எனக்குத் தெரிந்தது இந்த ஒரு மலைதான்.
ஒன்பது வருடமாக இறக்குகிறேன் அதை,
லோரி லோரியாக.
ஏறியதில்லை.

ஞாயிறு. கல்லுடைப்பில் சங்கு ஊதாத நாள்.
எடைமேடை ரோஸ்னா முன்னால் போகிறாள்,
பின்னால் அவள் அக்காள் பிள்ளைகள் மூவர்,
கடைசியில் நான்,
தீமிதிக்கு வாங்கி ஒருநாள் மட்டும் போட்ட சப்பாத்தில்.

செம்பனை வரிசை முடிகிற இடத்தில்
ஒழுங்கும் முடிகிறது.
வேர்தான் படி. வேர் இல்லாத இடத்தில் கயிறு.
கயிறும் இல்லாத இடத்தில்
'பெலான் பெலான், அபாங்' என்றொரு குரல்.
கணுக்காலில் ஓர் அட்டை
என் சர்க்கரையை ருசி பார்க்கிறது.
மூச்சு இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

உச்சியில் மரம் இல்லை.
கறுத்த பாறை, உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளை.
எரிமலையாம் ஒரு காலத்தில்.
கொதித்தபோது கிளம்பிய காற்று
வெளியேற நேரமில்லாமல் உறைந்ததாம்.
பெரியவன் ஹபீஸ் போனில் படித்துச் சொன்னான்.
ஒரு துளையில் சுண்டுவிரலை விட்டேன்.
அளவெடுத்ததுபோல் இருந்தது.

கீழே செம்பனை, செம்பனை, நடுவே ஆலைப் புகை,
தீப்பெட்டி அளவில் எங்கள் மாரியம்மன் கோபுரம்.
மறுபக்கம் எட்டிப் பார்த்தேன்.
மறுபக்கம் இல்லை.
மாடி மாடியாக வெட்டிய பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்,
ஓரத்தில் மஞ்சளாக என் லோரி.

இருபத்தெட்டு டன். நாளைக்கு நாலு நடை.
கணக்குப் போடத் தொடங்கி
முதல் வருடம் செப்டம்பரிலேயே விட்டுவிட்டேன்.
லாபிஸ் போகும் சாலை இது.
தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பது இது.
மகள் யாழரசி பஸ் ஏறும் இடம்கூட இதுதான்.
ஊரே மலைமேல்தான் நடக்கிறது,
யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.

ஒரு துண்டுக் கல்லைக் காற்சட்டைப் பையில் போட்டேன்.
ரோஸ்னா பார்த்துவிட்டாள்.
கையை நீட்டினாள்: 'சீட்டு எங்கே?'
சிரித்தோம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

இறங்கும்போது முட்டி மட்டும் பேசியது.
அட்டை விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல்
சப்பாத்துக்குள் ஈரம்.
கல் தொடையில் உரசிக்கொண்டே வந்தது.
நாளை ஏழு மணிக்கு முதல் நடை.
இனிமேல் கிழக்கு முகத்தில் வெடி வைப்பதாக
மண்டோர் சொல்லியிருக்கிறார்.
கிழக்கு முகத்தில்தான்
நாங்கள் உட்கார்ந்து நாசி லெமாக் பிரித்த பாறை.
வாழையிலையைக்கூட
அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.