கடைசி எண்

செட்டிநாட்டு விமானத் தளத்தில்
விமானம் இல்லை.
பிளந்த சிமெண்டில் முளைத்த புல்,
அதன்மேல் மார்கழி,
அதன்மேல் குப்புற நான்.

ஐந்தே முக்காலுக்கு
பைக்கைக் கருவேலத்தில் சாய்த்துவிட்டு
"வருமாக்கா?" என்றான் அடைக்கலம்.
வரும் என்றேன்.
தவணை முடியாத லென்சுக்குப் பனி ஏறாமல்
அவன் துண்டைத்தான் சுற்றியிருந்தேன்.

முதலில் வந்தவை ஆடுகள்.
அப்புறம் ஆடுகளின் சொந்தக்காரி செம்பாயி.
"பொணமாட்டம் கெடக்கிறியே தாயி"
என்று கொஞ்சம் நின்று பார்த்துப் போனாள்.

பிறகு அது.
தரையில் உறங்கி எழும் பருந்து,
பெயரில் மட்டும் பூனை.
புல்நுனிக்கு ஒரு முழம் மேலே
சிறகிரண்டையும் கவட்டைபோல் உயர்த்தி
சாவியைத் தொலைத்த ஆள்போல
போய்த் திரும்பி, திரும்பிப் போய்.

முந்நூற்றுப் பன்னிரண்டு படம்.
வெறும் வானம் நிறைய.
வால் மட்டும் நாற்பது.
ஆட்டின் காது ஒன்று, துல்லியமாக.
வெட்டுக்கிளியை அது அள்ளிய நொடியில்
அடைக்கலத்துக்குப் போன் வந்தது.

பத்து மணிக்குக் காரைக்குடியில்
நகைக்கடன் மேசைக்கு இந்தப் பக்கம் நான்,
ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி.
கொக்கி, திருகாணி, முத்திரை,
கையின் சூடு ஆறாத வளையல்.
எண் இருந்தால் குறிப்பேன்.
இல்லாவிட்டால் உரசிப் பார்ப்பேன்.

இரவு திரையில்
ஒரு படத்தைப் பெரிதாக்கி
இன்னும் பெரிதாக்கியபோது
மஞ்சள் காலில் கறுப்பாக ஏதோ.
முள்ளென்று நினைத்தேன்.
வளையம்.
அதில் வெள்ளை எழுத்து.

யாரோ பிடித்திருக்கிறார்கள் இதை.
எனக்கு உச்சரிக்க வராத ஊரின் புல்வெளியில்
யாருடைய கைக்குள்ளோ
இந்த நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது.
எடைகூடப் போட்டிருப்பார்கள்,
கிராம் கணக்கில், என்னைப்போல.

அறுபது அடி தள்ளி
இருமலை விழுங்கிக் கிடந்தவள் நான்.
சொல்ல வெட்கம்தான்.
அடகுக்கு வந்த நகையில்
வேறு கடைச் சீட்டு ஒட்டியிருந்ததுபோல்
பொறாமை.

எழுத்து ஒன்று, எண் இரண்டு.
கடைசி எண்மேல் தொடையிறகு விழுந்திருக்கிறது.
ஏழாக இருக்கலாம்.
ஒன்றாகவும்.

நாளைக்கும் போகணும், என்று
அடைக்கலத்துக்குச் செய்தி அனுப்பினேன்.
"நாளைக்கு ஏலம்க்கா" என்றான்.
ஏலம் பத்து மணிக்குத்தானே.

விளக்கை அணைத்தேன்.
இந்நேரம் அந்தப் புல்லுக்குள்
ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு
தூங்கும்.

எந்தக் காலை?