கூடத்தில் பதினேழு பேர்

காலை ஆறு மணிக்கு வானொலி சொன்னது:
மைனஸ் ஐம்பத்திரண்டு.
ஏழாம் வகுப்பு வரை விடுமுறை.
ஏழரைக்கு மறுபடி:
ஐம்பத்தைந்து. எல்லாருக்கும் விடுமுறை.
எனக்கில்லை.
குழாய்களுக்கு ஏது விடுமுறை,
அவற்றைத் தொட்டுப் பார்க்கிறவளுக்கும்தான்.

லேனா ஆறு எங்கே முடிகிறது,
கரை எங்கே தொடங்குகிறது,
அக்டோபரிலிருந்து யாருக்கும் தெரியாது.
மூடுபனிக்குள் கைநீட்டி நடந்தேன்.
இமைகள் ஒட்டிக்கொண்டன.
விட்ட மூச்சு காதருகே உறைந்து
உமி உதிர்கிற சத்தத்தோடு விழுந்தது.

உடற்பயிற்சிக் கூடத்தில்
மேல் ஜன்னலொன்றுக்குக் கண்ணாடி இல்லை.
பந்து உடைத்தது.
அட்டையும் கிழிந்த மெத்தையும் வைத்து அடைத்தவர்
புரோக்கோப்பி, விசில் வாத்தியார்.
அவர் அடைத்தால் அப்படித்தான்,
ஒரு கை நுழையும்.
ஒரு கை நுழைகிற இடத்தில்
குருவி குடும்பத்தோடு நுழையும்.

விளக்கைப் போட்டேன்.
கூடைப்பந்து வளையத்தில் ஆறு,
கழுத்தே இல்லாத நூலுருண்டைகள்.
ஏறுகயிற்றின் முடிச்சில் ஒன்று, தனியாக.
வெந்நீர்க் குழாயின் மேல் ஒன்பது சிட்டுகள்,
கால் சுடச்சுட மாற்றி மாற்றி நின்றன.
அவற்றின் நடுவே ஒரு கறுப்புத் தொப்பிக்காரி,
காட்டுக் குருவி;
ஊருக்குள் அவளை நான் பார்த்ததேயில்லை.

பதினேழு.
இரண்டு முறை எண்ணினேன்.
வாளி, பல்பு, துடைப்பம் என்று
எண்ணியே பழகிய கை.

விதி என்னவென்று தெரியும்.
கதவைத் திறந்து துணியை வீசினால்
ஐந்து நிமிட வேலை.
திறந்தேன்.
குளிர் தரையோடு தரையாக உருண்டு
நடுவட்டம் வரை வந்தது, வெள்ளையாக.
ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை.
கதவைத்தான் பார்த்தன.
மூடிவிட்டேன்.

சமையலறைச் சாவியும் என்னிடம்தான்.
பனிவரகில் ஒரு கிண்ணம்.
பெயரில் மட்டும்தான் பனி,
கையில் வெதுவெதுப்பான மஞ்சள்.
கணக்கில் எலி என்று எழுதினேன்.
எலி மறுக்கப்போவதில்லை.

மூன்றாம் நாள்
கயிற்று முடிச்சுக்காரன் கீழே கிடந்தான்.
ஒரு கடிதம்கூட இதைவிடக் கனக்கும்.
அவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே
மூன்று மாடிப்படியும் துடைத்தேன்.
இங்கே நிலத்தைத் தோண்ட
நெருப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும்,
மனிதருக்கே இரண்டு நாள் ஆகும்.
இரட்டை ஜன்னலின் இடைவெளியில்
குளிர் தடுக்க வைத்த பஞ்சின் மேல் வைத்தேன்.
மே வரை அப்படியே இருப்பான்.

ஐந்தாம் நாள் நாற்பத்துநான்கு.
பிள்ளைகள் வந்துவிட்டார்கள், உறைந்த சால்வைகளோடு.
புரோக்கோப்பி விசிலை வாயில் வைத்தார்,
தரையில் வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்தார்,
மேலே பார்த்தார்.
"அக்குலீனா, என்ன இது?"
"உங்கள் மெத்தை," என்றேன்.

விசில் வாயிலேயே இருந்தது. ஊதவில்லை.
"இன்று சதுரங்கம்," என்றார்.
இருபத்திரண்டு பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்து
கிசுகிசுத்து விளையாடினார்கள்.
கெஸ்கிலேனே மட்டும் ஆடவில்லை.
மல்லாந்து படுத்து விரல்விட்டு எண்ணினாள்.
"பதினாறு," என்றாள் என்னிடம்.
நான் வாளியை நகர்த்தினேன்.

மாலையில் ஏணியும் புதுக் கண்ணாடியும் வந்தன.
அவர் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன்.
கண்ணாடியை ஜன்னலில் வைத்துப் பார்த்தார்,
திருப்பி வைத்துப் பார்த்தார்.
வளையத்தில் ஆறும் அவரையே பார்த்தன.
"அளவு சரியில்லை," என்றார்.

அவரே அளந்து அவரே வெட்டியது.
கீழிருந்து பார்த்த எனக்கு
மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது.
"சரியில்லைதான்," என்றேன்.

மெத்தையை மறுபடி செருகினார்.
ஒரு கை நுழையும்படி.