கிடைக்கோடு

வவுனிக்குளத்து அலைகரையில்
முழங்கால் புதைய நின்று
யோகட் கோப்பையால் சேறு அள்ளினேன்.
கருஞ்சேறு. கூழ்முட்டை மணம்.
"இதுக்குள்ள என்ன தேடுறியள்?"
போத்தலைப் பிடித்தபடி கேட்டாள் பிறேமசுதா,
எங்கள் ஆய்வுகூட உதவியாளர்.
அதற்கு முன் ஒன்பது வருஷம் கண்ணிவெடி அகற்றியவள்.
"இரும்பு" என்றேன்.
"அது நாங்கள் வாளி வாளியா
கிண்டி எடுத்தனாங்கள்" என்று சிரித்தாள்.

அறிவியல்நகரில் கரண்ட் போய் வந்த பின்னேரம்.
எரிந்த ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம்,
கண்ணாடித் தகட்டில் ஒரு துளி.
தூசென்று நான் விட்டிருந்தவை
ஒரேயடியாய்த் திரும்பின,
பெயர் கூப்பிட்ட வகுப்பறை போல.
ஒவ்வொரு பற்றீரியாவின் உள்ளேயும்
பதினாறோ பதினெட்டோ கருமணிகள்,
ஒரே நூலில்.
நூலும் அதுவே நூற்றது.

கடலெல்லாம் இரும்பு கரைந்து கிடந்த காலத்தில்
ஒட்சிசன் வந்தது, நஞ்சாய்.
இரண்டும் சந்தித்தால் உடலுக்குள் எரியும்.
எரியாமலிருக்க ஏதோ ஓர் உயிரணு
இரும்பைத் தோல் சுற்றி
ஒரு மூலையில் ஒதுக்கியிருக்கலாம்.
சிலர் அப்படிச் சொல்கிறார்கள்.
பார்த்தவர் எவருமில்லை.
ஒதுக்கியது கல்லாகி, கற்கள் வரிசையாகி,
ஒருநாள்
(ஒருநாளா, கோடி கோடித் தலைமுறை)
பூமி அதன் வயிற்றைப் பிடித்துத் திருப்பியது.
திரும்பியவை சேற்றுக்கு வழி கண்டன,
மற்றவை அலைந்தன.

புத்தகத்தில் வடக்கென்றால் கீழே.
குளிர்நாட்டுக் குளங்களில்
காந்தக்கோடு சரிந்து மண்ணுக்குள் இறங்கும்,
பற்றிக்கொண்டால் போதும்.
வன்னியில் அந்தக் கோடு கிட்டத்தட்டக் கிடை,
உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரி.
வடக்கே போனாலும் தெற்கே போனாலும்
ஆழம் கிடைக்காது.
என் துளியில் பாதி இந்த விளிம்புக்குப் போனது,
பாதி அந்த விளிம்புக்கு.
நான்தான் பிழைவிட்டேனென்று
மூன்றுதரம் செய்தேன்.
மூன்றுதரமும் பாதி, பாதி.
ஒரே சேற்றில் இரண்டு கூட்டமும்
இவ்வளவு காலம் இருந்திருக்கின்றன,
எது சரியென்று
இந்த மண் இன்னும் சொல்லவில்லை.

பிறேமசுதா நுணுக்குக்காட்டியில் குனிந்தாள்.
நீண்ட நேரம் பேச்சில்லை.
முந்தின வேலையில்
மணிக்கூடும் காப்பும் கழற்றிவைத்துத்தான்
தரையைக் கேட்பாளாம்.
ஓர் ஆணிக்கும் கருவி கத்துமாம்.
"செத்தாலும் திரும்புமோ?"
"திரும்பும். நீந்தாது."

காந்தத்தை விரல்நுனியால் மெல்லச் சுற்றினாள்.
துளியின் நடுவே
எந்த விளிம்புக்கும் போகாத சில
அவளோடு சுற்றின.
றோட்டில் ஐந்தரை பஸ் ஹோர்ன் அடித்தது.
அவளுடைய பஸ் அது.
காந்தத்தை அவள்
இன்னும் கீழே வைக்கவில்லை.