பழி பெட்டி மேல்

"என்ஜின் புதுசு, கியர் பெட்டிதான் போச்சு" என்று
தீர்ப்போடு வந்து இறங்கினார் சாத்தையா.
கானாடுகாத்தானில் பிரெஞ்சுக்காரர் ஆறு பேர்
பெரிய வீட்டு வாசலில் நிற்க
ரிவர்ஸ் போட்டபோது வண்டி கத்திய கத்தலில்
ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாளாம்.

புதுசு என்றால் புதுசில்லை.
திருச்சியில் எடுத்த பழைய சுமோ என்ஜின்.
பதினெட்டு நாளுக்கு முன்னால்
சங்கிலி போட்டுத் தூக்கி
உள்ளே இறக்கியது இந்தக் கை.

நிறுத்திய வண்டியில் கியரைத் தொட்டேன்.
வாழைப்பழத்தில் ஊசி.
சாவியைத் திருப்பினேன்.
கிளட்சை அடிவரை மிதித்தும்
முதல் கியர் நறநறவென்று பல்லைக் கடித்தது.
கழனிவாசல் வரை ஓர் ஓட்டம்.
சூடேறியதும் மூன்றாவது
என் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தது,
கோபித்துக்கொண்டு பந்தியை விட்டு
எழுந்த சம்பந்தி மாதிரி.

நின்றால் நல்லது, ஓடினால் பகை.
நோய் பெட்டிக்குள் இருக்காது என்று
அப்போதே தோன்றியது.
சாத்தையாவிடம் சொல்லவில்லை.

ரபீக் கிளட்ச் லைனில் காற்று எடுத்தான்.
ஒரு குமிழிகூட வரவில்லை.
கியர் ஆயிலை இறக்கி
விரலிடுக்கில் தேய்த்து வெயிலில் பிடித்தேன்.
பித்தளைப் பொடி மினுங்கினால் பெட்டி குற்றவாளி.
மினுங்கவில்லை.
இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன்,
மினுங்கிவிடாதா என்று.

வேறு பெட்டிக்கு முன்பணம் பதினைந்தாயிரம்
மேசையில் ஸ்பார்க் பிளக் டப்பாவுக்கு அடியில்
அவர் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது.

பெட்டியை இறக்கினோம்.
என்ஜினின் முகத்தில் இரண்டு ஓட்டை. காலி.
டவல் பின். தோளில் போடுகிற டவல் இல்லை,
சுண்டுவிரல் நுனி அளவு இரும்புக் குழல்.
போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.
இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்துவது இதன் வேலை.
இது இல்லாமல் மயிரிழை சரிந்து
பதினெட்டு நாள்
ஒரு தண்டு கோணலாய்ச் சுற்றியிருக்கிறது.

பழைய என்ஜினிலிருந்து கழற்றி
இதில் அடித்திருக்க வேண்டும்.
அன்று ராத்திரி கரண்ட் போயிருந்தது என்று சொல்லலாம்.
கரண்ட் போகவில்லை.

புதுவயல் பழைய இரும்புக் கடையில்
செல்போன் வெளிச்சத்தில் தேடினேன்.
கட்டில் கால், சைக்கிள் ரிம், அரிசி மில் பல்சக்கரம்,
அதற்கடியில் எண்ணெய் வழிந்த முகத்தோடு
பழைய என்ஜின்.
இரண்டும் அதிலேயே இருந்தன,
மூக்குத்திகளைப் போல.
கடைக்காரர் தராசில் வைத்தார். முள் அசையவில்லை.
"சும்மா எடுத்துட்டுப் போங்க."

பிளேட் ஒருபக்கம் தின்றிருந்தது. பேரிங்கும் சரியில்லை.
என் காசில் வாங்கி மாட்டி முடிக்கையில்
மணி பதினொன்று. போன் போட்டேன்.
"பெட்டியில ஒண்ணுமில்ல."
"பின்ன?"
ரபீக் ஸ்பேனர் துடைப்பதை நிறுத்தினான்.
"நான்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டிவி சத்தம்.
பிறகு சவாரி போன மூன்று நாளுக்குக் கணக்குச் சொன்னார்,
டோல் காசு, டிரைவர் பேட்டா உட்பட.
சரி என்றேன்.

காலையில் வந்தார்.
பதினைந்தாயிரத்தை எண்ணிப் பையில் வைத்தார்.
நன்றியும் இல்லை, வசவும் இல்லை.
செக்காலை ரோட்டில் ஏறியது வண்டி.
ஒன்று கேட்டது. இரண்டு கேட்டது.
மூன்றுக்குக் காதைக் கொடுத்த நேரம் பார்த்து
தேவகோட்டை பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

ரபீக்கைப் பார்த்தேன்.
"விழுந்துருச்சுண்ணே" என்றான்,
கீழே கிடந்த நட்டைப் பொறுக்கிக்கொண்டே.