இந்த வாரத் தேனீ

இந்த வாரத் தேனீ நான்.

மொட்டைமாடிக் கதவில் ஒட்டிய தாளில்
மர்ழியாவுக்குக் கீழே, திருமதி டி கிரெட்சருக்கு மேலே
மங்கையர்கரசி என்று
ஒரு 'க்' குறைவாக எழுதி வைத்திருக்கிறாள் நில்மினி,
எங்கள் சனிக்கிழமை வகுப்பின் ஆசிரியை, வயது இருபத்தாறு.
குறைந்த எழுத்தை நான் கேட்கவில்லை.
அவள் பெயரைச் சிங்களத்தில் எழுதச் சொன்னால்
நானும் எதையாவது விழுங்கிவிடுவேன்.

லிப்ட் பழுது.
ஐந்து ஐம்பதுக்குச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
நான்காம் மாடியிலிருந்து ஏறுகிறேன்.
ஏழில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.
எட்டில் ஒரு அலாரம், நிறுத்த ஆளில்லாமல்.

இதை நாங்கள் நடவில்லை.
நாங்கள் நட்டது கத்தரி. கடற்காற்று உப்பை அப்பி
பதினோரு நாளில் முடித்துவிட்டது.
போஞ்சி நட்டோம்; பின்னாலேயே காகம் வந்து
விதைகளை எண்ணிக்கொண்டு போயிற்று.
மிளகாய்க்கு நான் தண்ணீர் ஊற்றினேன்,
மர்ழியாவும் ஊற்றினாள், குலேந்திரனும் ஊற்றினார்,
மூன்று பேரின் அக்கறையில் மூழ்கிச் செத்தது.
நில்மினி அதைப் பிடுங்கி
வேரை ஒவ்வொருவராக முகரச் சொன்னாள்.
"இந்த மணம் ஞாபகம் வைங்க" என்றாள்.

மண்கூட இருக்கவில்லை எங்களிடம்.
வெள்ளவத்தையில் மண் என்பது
கட்டடம் கட்டுகையில் லொறி ஏற்றிப் போகிற சாமான்.
ஆகவே செய்தோம்:
நீலப் பீப்பாய்க்குள் முப்பத்திரண்டு வீட்டுக் குசினி,
தேயிலைச் சக்கை, மீன் செதில், முட்டைக்கோது,
ஒருமுறை யாருடையதோ மூக்குக்கண்ணாடி.
கையை முழங்கைவரை விடச் சொன்னாள்.
விட்டேன். சுட்டது.
மருந்துக்கடையில் இருபது வருடம்
குளிசையைக்கூடக் கரண்டியால் எண்ணுகிற கை
ஒரு காய்ச்சலைத் தொட்டுவிட்டு
வெளியே வர மனமில்லாமல் நின்றது.

அந்தப் பீப்பாயின் ஓரத்து ஓட்டையால்தான்
ஒரு நாள் இரண்டு இலை எட்டிப் பார்த்தது.
"வட்டக்கா" என்றாள் நில்மினி.
"பூசணி" என்றோம்.
யார் வீட்டு விதை என்று ஒரு கூட்டமே நடந்தது.
குலேந்திரன் தன்னுடையது என்றார், பொங்கலுக்கு வாங்கியதாம்.
மர்ழியா, பெருநாளுக்கு முதல் நாள் தான் வெட்டியது என்றாள்.
டி கிரெட்சர் மட்டும்
தனக்குப் பூசணியே பிடிக்காது என்று விலகிக்கொண்டார்.
கொடி முடிவுக்குக் காத்திருக்கவில்லை.
தண்ணீர்த் தாங்கியின் குழாயைப் பிடித்து ஏறிவிட்டது.

பூத்தது. நிறையப் பூத்தது. ஒன்றும் நிற்கவில்லை.
பெண்பூவின் கீழே தேசிக்காயளவு பிஞ்சு
மூன்றாம் நாள் மஞ்சளாகி, தொட்டதும் கழன்றது.
ஒன்பது மாடி ஏறித் தேனீ வராது என்று
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
அதற்குப் பிறகுதான் இந்தத் தாள், இந்த முறை.

கீழே பாணந்துறை ரயில் போகிறது.
ஆண்பூவுக்கு நீண்ட காம்பு, வெறும் காம்பு.
அதை ஒடித்து, இதழை உரித்து,
நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் மெதுவாக,
மூன்று மடலிலும் படும்படி.
வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், அவசரம்,
அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஐம்பத்தொரு வயது.
மணமேடைப் பேச்சை எப்போதோ ஓய்ந்த வீட்டிலிருந்து
செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து
ஒரு பூசணிக்குக் கலியாணம் செய்துவைக்கிறேன்.

இரண்டாவது பூவுக்குள் ஏற்கெனவே ஓர் எறும்பு.
அதற்கு யார் முறை போட்டுக் கொடுத்தது?

எட்டரைக்குக் கடையில்
பிரஷர் குளிசை வாங்க வந்தவர்
என் விரலைப் பார்க்கிறார்.
"மஞ்சளோ தங்கச்சி, விடியவே சமையலோ?"
கழுவித்தான் வந்தேன். நகக்கண்ணில் கொஞ்சம் நின்றுவிட்டது.
"இன்னும் இல்லை" என்கிறேன்.
"மூன்று நாள் பொறுத்தால்தான் தெரியும்."
அவர் குளிசைப் பையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
அப்படி ஏதும் எழுதியிருக்கிறதா என்று.